முகம் விழாத படம்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை இரவு என் தமக்கை மகன் என்னைப் பார்க்க வந்தான். சென்னையில் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. கை நிறையச் சம்பளம். வாரத்தில் இரண்டு நாள் விடுமுறை. கழுத்தில் விலை உயர்ந்த காமிரா. வெள்ளிக்கிழமை இரவு வந்துவிட்டால் நண்பர்கள் நால்வரோடு காரில் கிளம்பிவிடுவான். ஏலகிரி, கொல்லிமலை, தனுஷ்கோடி என்று அவன் போகாத இடம் குறைவு. அந்த வாரம் கிழக்குக் கடற்கரைச் சாலை வழியாகப் புதுச்சேரிக்குப் போயிருக்கிறான். வழியில் மரக்காணத்து உப்பளத்தில் விடியற்காலையில் வண்டியை நிறுத்திப் படம் எடுத்தானாம்.

"முந்நூற்று நாற்பது படம், மாமா! நாற்பது நிமிஷத்தில்!" என்று பெருமையோடு ஒவ்வொன்றாகக் காட்டினான்.

படங்கள் அழகாகத்தான் இருந்தன. அதை மறுத்தால் நான் பொய்யனாவேன். கண்ணாடி போல் கிடக்கும் பாத்தி நீர். அதில் இரண்டாவது சூரியன். வெண்மணல் குன்றுகள் போல் உப்புக் குவியல். வரப்பின் மேல் தலைச்சுமையோடு நடந்து போகும் ஒரு பெண்ணின் கரிய நிழலுருவம்.

"இந்த அம்மாள் யார்?" என்று கேட்டேன்.

"யாரோ, மாமா. அங்கே வேலை செய்யறவங்க."

"பேர் கேட்டாயா?"

"பேர் எதுக்கு? கேட்டுட்டு எடுத்தா படமே வராது. திரும்பிப் பார்த்துச் சிரிப்பாங்க. இயற்கையா இருக்காது." சற்று யோசித்துவிட்டு அவனே மேலும் சொன்னான்: "எடுத்ததால அவங்களுக்கு என்ன நஷ்டம், மாமா?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லும் யோக்கியதை அன்று எனக்கு இருந்ததாகத் தோன்றவில்லை. அவன் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால், சுவரில், கண்ணாடிச் சட்டம் போட்டு ஒரு படம் மாட்டியிருந்தது. அதுவும் மரக்காணம்தான், நான் எடுத்தது. அதன் கதையைப் பிறகு சொல்கிறேன். 'என்ன நஷ்டம்?' என்ற கேள்விக்கு இந்தக் கட்டுரைதான் என் பதில். அவனுக்கு மட்டுமல்ல, காரும் காமிராவும் ஞாயிற்றுக்கிழமையும் உள்ள நம் எல்லோருக்கும்.

மரக்காணம் சென்னைக்குத் தெற்கே ஏறக்குறைய 120 கிலோமீட்டர். அங்கிருந்து புதுச்சேரிக்கு இன்னும் ஒரு மணி நேரப் பயணம்கூட இல்லை. சிறுபாணாற்றுப்படை குறிப்பிடும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்று கருதும் அறிஞர்கள் உண்டு. சோழர் காலத்துப் பூமீசுவரர் கோயில் இன்றும் நிற்கிறது. தமிழ்நாட்டில் தூத்துக்குடி, வேதாரண்யம் என்று உப்புக்குப் பெயர் சொல்லும்போது மூன்றாவதாக வரும் பெயர் இது. கார்க்காரருக்கு இதெல்லாம் வேண்டியதில்லை. இருபுறமும் வெண்மையாகப் பளபளக்கும் ஓர் இடம்; 'நல்ல லைட்' கிடைக்கும் இடம். அவ்வளவுதான்.

அந்தப் பளபளப்பு எப்படி வருகிறது? ஒரு லிட்டர் கடல்நீரில் கரைந்திருக்கும் உப்புகள் அத்தனையும் சேர்ந்து சுமார் 35 கிராம்தான். அந்த நீரைப் பாத்தி பாத்தியாக மாற்றி, வெயிலில் காயவிட்டு, கெட்டியாக்க வேண்டும். மூன்று டிகிரி அடர்த்தியில் வரும் நீர் 25 டிகிரியை எட்டும்போது உப்புப் பூக்கிறது. 30-ஐ நெருங்க விட்டால் கசப்பு உப்பும் சேர்ந்து இறங்கி, சரக்கு கெட்டுவிடும். அதற்குள் வார வேண்டும். மிஞ்சிய நீரை வடிக்க வேண்டும். தை பிறந்த பிறகு பாத்தியைச் செப்பனிட்டு, தரையைக் காலால் மிதித்து மிதித்து இறுக்குகிறார்கள். ஐப்பசி மழை வரும் வரைதான் பிழைப்பு. நீண்ட கழியில் பொருத்திய பலகையால், கணுக்கால் அளவு உப்பு நீரில் நின்றுகொண்டு, உப்பை இழுத்து வரப்பில் சேர்க்க வேண்டும். பாதம் வெடித்த மனிதன் உப்பு நீரில் நிற்பது எப்படியிருக்கும் என்று தெரிய வேண்டுமானால், சமையலறையில் விரலை நறுக்கிக்கொண்ட நாளை நினைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வேலையை ஏன் விடியற்காலையில் செய்கிறார்கள்? என் மருமகனைக் கேட்டால், 'அப்போதுதான் வெளிச்சம் அழகாக இருக்கும்' என்பான். அழகுக்காக யாரும் இருட்டில் எழுந்து வருவதில்லை. பொழுது ஏறினால் வெள்ளை உப்பில் பட்டுத் திரும்பும் வெயில் கண்ணைக் குத்துகிறது. தலைக்கு மேலும் சூடு, காலுக்குக் கீழும் சூடு. அதற்குத் தப்பித்தான் அவர்கள் அந்த நேரத்தில் நிற்கிறார்கள். அவர்கள் தப்பிக்கும் நேரம் நமக்குப் படம் பிடிக்கும் நேரமாக வாய்த்திருக்கிறது.

மழைக்காலத்தில் உப்பளம் மூடிக் கிடக்கும். அந்த மாதங்களுக்கென்று தமிழக அரசு சில ஆண்டுகளாகக் குடும்பத்துக்கு 5,000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. அந்தப் பணத்துக்கு என் மருமகன் தன் காமிராவின் கண்ணுக்கு மாட்ட ஒரு வர்ணக் கண்ணாடி வாங்குவான். 2024 நவம்பர் 30-ஆம் தேதி பெஞ்சல் புயல் புதுச்சேரிக்கு அருகே கரை கடந்தபோது இந்தப் பக்கமெல்லாம் வெள்ளக்காடாயிற்று. பாத்திகள் தண்ணீரில் மறைந்தன. உல்லாசக் கார்கள் அந்த வாரம் அங்கே நிற்கவில்லை. சேற்று நிறத் தண்ணீரில் சூரியன் அழகாகத் தெரிவதில்லை அல்லவா?

'சும்மா படம்தானே எடுக்கிறோம்' என்பவர்களுக்கு ஒரு பழைய செய்தி. சென்னையிலிருந்து வரும் பக்கிங்காம் கால்வாய் தெற்கே மரக்காணத்தில்தான் முடிகிறது. அந்தக் கால்வாயில், சென்னை நகருக்குள் அடையாற்றையும் கூவத்தையும் இணைக்கும் பகுதி 1877-78-ல் வெட்டப்பட்டது. வெட்டியவர்கள், தாது வருஷப் பஞ்சத்தில் கூலிக்கு வந்த பட்டினிக்காரர்கள். அதே பஞ்சத்தில், சென்னை ராணுவத்தைச் சேர்ந்த வில்லோபி வாலஸ் ஹூப்பர் என்ற அதிகாரி காமிராவோடு கிளம்பினார். எலும்பும் தோலுமான ஆண்களையும் பெண்களையும் குழந்தைகளையும் வரிசையாக உட்கார வைத்துப் படம் எடுத்தார். அந்தப் படங்கள் இன்றும் இருக்கின்றன. பார்த்தால் இரண்டு நாள் சோறு இறங்காது. அவற்றில் இருப்பவர்களில் ஒருவருக்கும் பெயர் இல்லை. படம் எடுத்தவருக்கு மட்டும் பெயர் இருக்கிறது. அதே ஹூப்பர் 1886-ல் பர்மாவில், மாந்தலையில், மரண தண்டனை பெற்றவர்களைச் சுட்டுக் கொல்லும் கணத்தைப் படம் பிடிக்க முனைந்து, அதற்காகக் கைதிகளைக் காக்க வைத்தார் என்று குற்றச்சாட்டு எழுந்து, விசாரணைக்கு உள்ளானார்.

என் மருமகன் ஹூப்பர் அல்ல. அவன் ஈ எறும்புக்குத் தீங்கு நினையாதவன். ஆனால், எதிரே நிற்பவன் மனிதன் என்பது மறந்து, அவன் வெளிச்சமும் நிழலுமாக மட்டும் தெரியத் தொடங்கும் பாதை எங்கே போய் முடியும் என்பதற்கு ஹூப்பர் ஓர் எச்சரிக்கை. பஞ்சப் படங்களால் உலகத்துக்குப் பஞ்சம் தெரிந்தது என்று வாதிடலாம். அதில் ஓரளவு நியாயமும் உண்டு. புயலையும் கலவரத்தையும் படமெடுக்கும் பத்திரிகைக்காரரை நான் குறை சொல்லவில்லை. அவர் அனுமதி கேட்டுக்கொண்டிருந்தால் உண்மை ஓடிவிடும். உப்பளத்துக்குப் போகும் நாம் எந்த உண்மையை உலகுக்குச் சொல்லப் போகிறோம்? கைபேசியில் நூறு பேர் 'ஆகா' என்பதற்காகத்தானே எடுக்கிறோம்?

'கேட்டுவிட்டு எடுத்தால் கலை வராது' என்பது அடுத்த வாதம். இதற்கும் மரக்காணத்துக்குப் பக்கத்திலேயே பதில் கிடைக்கிறது. ஹென்றி கார்த்தியே-பிரஸோன் என்ற பிரெஞ்சுக்காரரைப் புகைப்படக் கலையின் சக்கரவர்த்தி என்றே சொல்வார்கள். ஓடும் கணத்தை ஓடும்போதே பிடிப்பதில் அவருக்கு இணை இல்லை. 1950 ஏப்ரலில் அவர் தமிழ்நாட்டில் இருந்தார். திருவண்ணாமலையில் ரமண மகரிஷியின் கடைசி நாட்களைப் படம் பிடித்துவிட்டு, புதுச்சேரிக்கு வந்தார். அங்கே ஸ்ரீ அரவிந்தர் ஏறக்குறைய முப்பது ஆண்டுகளாகப் படம் எடுக்க இணங்காமல் இருந்தார். கார்த்தியே-பிரஸோன் ஆசிரமத்தில் அனுமதி கேட்டார். கிடைத்த பிறகே எடுத்தார். அந்த ஆண்டு டிசம்பரில் ஸ்ரீ அரவிந்தர் காலமானார். அனுமதி கேட்டதால் அந்தப் படங்களில் கலை குறைந்துவிட்டதா? இன்னொன்றும் சொல்ல வேண்டும். அந்த மேதை தம்மைப் பிறர் படம் எடுப்பதை விரும்பாதவர்.

மகானிடம் கேட்டார், நாம் உப்பளத்துக் கூலியிடம் கேட்பதில்லை. வேறுபாடு கலையில் இல்லை ஐயா, அந்தஸ்தில் இருக்கிறது. புதுச்சேரிக்குப் போகும் வழியில் ஒரு மந்திரி காரை நிறுத்தி இளநீர் குடித்தால், பத்தடி தூரத்தில் நின்று அவர் முகத்துக்கு நேரே காமிராவை நீட்டுவோமா? குறைந்தது ஒரு கும்பிடாவது போட்டுவிட்டுத்தானே நீட்டுவோம்? அந்தக் கும்பிடைத்தான் நான் உப்பளத்துக்கும் கேட்கிறேன்.

காத்திருக்கத் தெரியாததும் ஒரு குற்றம்தான். நம் நாவலாசிரியர் அ. மாதவையாவின் மகன் மா. கிருஷ்ணன், காட்டு விலங்குகளைக் கறுப்பு வெள்ளையில் படம் எடுத்தவர். பல காமிராக்களின் உறுப்புகளைச் சேர்த்துத் தாமே இணைத்துக்கொண்ட கருவியைத் தூக்கிக்கொண்டு காடு காடாக நடந்தார். 1950 முதல் 1996-ல் இறக்கும் வரை இயற்கையைப் பற்றி ஆங்கிலப் பத்திரிகையில் விடாமல் எழுதினார். ஒரு யானையைப் படம் எடுக்குமுன் அந்த யானையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது அவர் வாழ்ந்து காட்டிய பாடம். நாற்பது நிமிஷத்தில் முந்நூற்று நாற்பது படம் என்றால், ஒரு படத்துக்கு ஏழு விநாடி. ஏழு விநாடியில் எதைத் தெரிந்துகொள்ள முடியும்?

யானையைச் சொன்னதும் பறவை நினைவுக்கு வருகிறது. மரக்காணத்தை ஒட்டிய கழுவெளி ஏரிக்கு வலசை வரும் பறவைகள் ஏராளம், பூநாரைகளும் வரும். 2021 டிசம்பரில் அதைப் பறவைகள் சரணாலயமாக அறிவித்தார்கள். 2024 ஆகஸ்டில் ராம்சார் பட்டியலிலும் அது இடம் பெற்றது. ஐயாயிரம் ஹெக்டேருக்கு மேல் பரப்பு. 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி, சரணாலயத்துக்குள் போய்ப் படம் எடுக்க வனத்துறையின் அனுமதி வேண்டும். மிக நல்ல சட்டம். பறக்கும் காமிராவை ஏவிக் கூட்டத்தைக் கலைத்து, 'பறவைகள் எழும் அற்புதக் காட்சி' என்று போடுகிறவர்களுக்குத் தண்டனை இன்னும் கடுமையாக வேண்டும் என்பேன். ஆனால் யோசித்துப் பாருங்கள். பூநாரையைப் படம் எடுக்க அனுமதி வேண்டும். அதே கரையில், அதே தண்ணீரில், காலூன்றி நிற்கும் மனிதரைப் படம் எடுக்க யாரிடமும், அந்த மனிதரிடம்கூட, ஒரு வார்த்தை கேட்க வேண்டாம்!

இனி என் கதை.

2006-ஆம் ஆண்டு மாசி மாதம். புதிதாக வாங்கிய காமிராவோடு நானும் இதே சாலையில் போனேன். விடியற்காலை, இதே உப்பளம். வயதான ஒருவர் பலகையால் உப்பை இழுத்துக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் நின்று, உதிக்கும் சூரியனுக்கு எதிராக ஏறக்குறைய நாற்பது படம் எடுத்தேன். ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் இயற்கை கெட்டுவிடும் என்று, என் மருமகன் இன்று நினைப்பதைப் போலத்தான் நானும் நினைத்தேன். ஒரு முறை அவர் திரும்பி என்னைப் பார்த்தார். சிரித்தார் என்றுகூட நினைவு. அந்தக் கணமும் படத்தில் விழுந்துவிட்டது. வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக அந்தப் படத்தை அழித்தேன். அவர் என்னைப் பார்த்தது படத்தைக் கெடுத்துவிட்டதாம்! மற்றவற்றில் ஒன்றைத் தேர்ந்து, பெரிதாக்கி, சட்டம் போட்டு மாட்டி, 'உழைப்பு' என்று பெயரும் வைத்தேன். வந்தவர்கள் எல்லாம் புகழ்ந்தார்கள். உழைத்தவரைப் பற்றி ஒருவரும் கேட்கவில்லை, நானும் நினைக்கவில்லை.

பெஞ்சல் புயலுக்குப் பிறகு, 2025 தை மாதத்தில், வெள்ளத்தில் கெட்ட பாத்திகளைத் திரும்பக் கட்டிக்கொண்டிருந்த சமயம், மீண்டும் அங்கே போனேன். வரப்பில் உட்கார்ந்து தேநீர் குடித்துக்கொண்டிருந்த பெண்களிடம், ஏதோ பெருமை பேசும் ஆசையில், 'முன்னே நான் இங்கே எடுத்த படம்' என்று கைபேசியில் அந்தப் படத்தைக் காட்டினேன். கைபேசி கை மாறிக்கொண்டே போயிற்று. நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி அதைத் திருப்பித் தரவேயில்லை.

"இது எங்கப்பா மாதிரி இருக்குது சார்" என்றாள்.

"எப்படியம்மா தெரிகிறது? முகமே இல்லையே?"

"நிக்கிறதப் பாத்தா தெரியாதா? எடது தோள் எறங்கினாப்பல இருக்குது பாருங்க. எங்கப்பாதான்."

அவர் இறந்து நான்கு ஆண்டுகள் ஆகிவிட்டன. காரியத்துக்கு மாலை போட வீட்டில் சரியான படம் இல்லையாம். ஆதார் அட்டையில் இருந்த படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டிருக்கிறார்கள். பெரிதாக்கியதில் முகம் கலங்கிவிட்டது.

"ஆரோ போலீஸ்ல புடிச்சிக்கினு போன ஆளு மாதிரி இருக்காரு சார்" என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திக்கொண்டு கேட்டாள்: "அன்னைக்கி எடுத்ததுல முகம் விழுந்த படம் ஏதாச்சும் இருக்குதா சார்?"

வாசகர்களே, நான் பொய் சொன்னேன். 'வீட்டில் தேடிப் பார்க்கிறேன்' என்றேன். தேடவும் செய்தேன், பழைய தகடுகளையெல்லாம் எடுத்துப் போட்டு இரண்டு நாள் தேடினேன். முதுகு இருந்தது. கால் இருந்தது. கை இருந்தது. உப்பு இருந்தது, சூரியன் இருந்தது. முகம் இல்லை. இருந்த ஒன்றை நானே அழித்துவிட்டேன்.

'என்ன நஷ்டம்?' என்று கேட்டானே என் மருமகன், இதுதான் நஷ்டம். ஒரு மனிதருடைய கடைசி நல்ல முகம் பதினைந்து விநாடி என் கையில் இருந்தது. அதற்கு உரியவர்கள் நாலு ஃபர்லாங்கு தூரத்தில் இருந்தார்கள். அதை அவர்களிடம் சேர்க்க வேண்டும் என்ற நினைப்பே எனக்கு வரவில்லை. நான் எடுத்தது என் சுவருக்காக.

'நாவலாசிரியன் மட்டும் யோக்கியனா? அவனும் கேட்காமல்தானே மனிதர்களை எடுத்துக்கொள்கிறான்?' என்று யாராவது கேட்கலாம். கேட்க வேண்டிய கேள்விதான். நானும் பல பேருடைய நடையையும் பேச்சையும் களவாடியவன். ஆனால், களவாடியவரோடு இரண்டு வருஷம் மூன்று வருஷம் நான் மனத்துக்குள் குடித்தனம் நடத்த வேண்டியிருக்கிறது. அவருக்கு ஒரு தாயும் தகப்பனும், கோபமும் கடனும், ஒரு பெயரும் கொடுத்தாக வேண்டியிருக்கிறது. கொடுக்காவிட்டால் அந்தப் பாத்திரம் எழுந்து நடக்காது; வாசகர் புத்தகத்தை மூடிவிடுவார். காமிராவுக்கு அந்தக் கட்டாயம் இல்லை. மனிதனை அறியாமலே அழகான படம் எடுத்துவிடலாம். அதுதான் அதன் வசதி. அதுவேதான் அதன் ஆபத்து.

ஆகவே காமிராவை வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள் என்று சொல்ல மாட்டேன். ஊர் சுற்றுவது நல்லது. படம் எடுப்பது நல்லது. கண் திறந்திருக்க அதுவும் ஒரு வழி. நான் கேட்பது நாலே காரியம். வண்டியிலிருந்து இறங்கியதும் காமிராவை எடுக்காதீர்கள்; முதலில் பேசுங்கள். 'எடுக்கலாமா?' என்று கேளுங்கள். வேண்டாம் என்றால் கும்பிட்டுவிட்டு வாருங்கள். எடுப்பதானால் முகத்தையும் எடுங்கள், அவர் உங்களைப் பார்க்கட்டும், சிரித்தால் சிரிக்கட்டும். கடைசியாக, அந்தப் படத்தைக் காகிதத்தில் போட்டு அவர் கையில் சேர்த்துவிடுங்கள். சிறிய ஊர்களில்கூட இருபது முப்பது ரூபாய்க்கு ஒரு பிரதி போட்டுத் தருகிறார்கள். நீங்கள் சாலையோரத்தில் குடிக்கும் இளநீர் அதைவிட விலை அதிகம்.

'இயற்கையாக இருக்காதே' என்று இன்னும் முணுமுணுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வீட்டு வாசலில் அந்நியன் ஒருவன் வந்து நின்றால் நிமிர்ந்து பார்ப்பதும், 'யாருங்க?' என்று கேட்பதும், முகம் மலர்வதும்தான் மனிதனுக்கு இயற்கை. முதுகைக் காட்டிக்கொண்டு நிழலாக நிற்பது அல்ல.

என் சுவரில் இருந்த படத்தை எடுத்துக்கொண்டு போய் அந்தப் பெண்ணிடம் கொடுத்தேன். சற்று நேரம் பார்த்தாள். விரலால் அந்த இடது தோளைத் தொட்டாள். பிறகு, "இவ்ளோ பெரிசு எங்க வூட்ல மாட்ட எடமில்ல சார்; உங்களாண்டயே இருக்கட்டும்" என்று மரியாதையாகத் திருப்பிக் கொடுத்துவிட்டாள். மறுபடியும் அதை மாட்டியிருக்கிறேன். 'உழைப்பு' என்ற பெயரை மட்டும் கிழித்துவிட்டேன். அவருடைய பெயரை மகளிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன், பத்தொன்பது ஆண்டு தாமதமாக. அதை இங்கே எழுதவில்லை. அச்சில் போடலாமா என்று அவளிடம் இன்னும் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மருமகனும் நானும் மரக்காணம் போகிறோம். அந்த முந்நூற்று நாற்பது படத்தில் இருந்த பெண்ணைத் தேடத்தான். காமிராவை அவன் கொண்டு வரட்டும். ஆனால் முதலில் பேசப் போவது அவன்தான்.